மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கு சர்வர்: கிராண்ட் பணத்தை எதில் போடுவது?

தாமிரபரணி கேட்டது:

வணக்கம். தென்மாவட்ட மருத்துவக் கல்லூரி ஒன்றில், சமூக மருத்துவத் துறையில் டேட்டா மேனேஜராக இருக்கிறேன். சர்க்கரை நோயாளிகள் 2,000 பேரை ஐந்து வருடம் தொடர்ந்து பார்க்கும் ஆய்வுக்கு கிராண்ட் வந்திருக்கிறது. வருடம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை, விழித்திரைப் படம், வீட்டுக்குப் போய்க் கேட்கும் கேள்வித்தாள்.

இதுவரை எங்கள் வேலை எல்லாம் எக்செல்தான். பெயர், போன் நம்பர், ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரை அளவு) எல்லாம் ஒரே ஷீட்டில். அந்த ஷீட் நாலைந்து லேப்டாப்பில் இருக்கிறது, எது கடைசியாகத் திருத்தியது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். கருவிக்கான பணத்தில் பெரிய ஜிபியூ சர்வர் (ஏஐ மாடல் பயிற்சிக்கான வேகமான கார்டு உள்ளது) வாங்கிவிடலாம் என்கிறார் எங்கள் பேராசிரியர். கொட்டேஷனும் வாங்கியாகிவிட்டது. எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் எடுத்துச் சொல்லக் காரணமும் தெரியவில்லை. களப்பணிக்குப் போகும் பல ஊர்களில் சிக்னல் வேறு கிடையாது. எங்கே தொடங்கலாம்?

மலர்_மதுரை எழுதியது:

தம்பி, பல்கலைக்கழகக் கணினி மையத்தில் ஆய்வு சர்வர்களைப் பார்த்துக்கொள்பவள் நான். முதலில் ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போடுங்கள். ஒருவருக்கு நாலு விழித்திரைப் படம், படத்துக்கு 5 எம்பி என்று வையுங்கள். 2,000 பேருக்கு 40 ஜிபி, ஐந்து வருடத்துக்கு 200 ஜிபி. கேள்வித்தாளும் லேப் ரிசல்ட்டும் சேர்ந்து அதில் தூசு அளவுகூட வராது. இதற்கா அவ்வளவு பெரிய ஜிபியூ? இந்தக் கணக்கையே பேராசிரியர் முன்னால் வையுங்கள்.

ஏஐ மாடல் செய்யும் ஆசை அவருக்கு இருந்தால் அதுவும் நியாயம்தான். ஆனால் 2016இல் கூகுள் குழு விழித்திரைப் படங்களை வைத்துச் செய்த ஆய்வைப் பாருங்கள், நம்ம அரவிந்தும் சங்கர நேத்ராலயாவும் அதற்குப் படங்கள் கொடுத்தன. 1,28,175 படங்கள். ஒவ்வொரு படத்தையும் மூன்றிலிருந்து ஏழு முறை வரை கண் மருத்துவர்கள் பார்த்து நிலை குறித்தார்கள், மொத்தம் 54 பேர். உழைப்பு போனது அங்கேதான். உங்கள் படங்களை யார் பார்த்துக் குறிக்கப்போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பிற்பாடு ஜிபியூ தேவைப்பட்டால் வாடகைக்கு எடுக்கலாம், இல்லாவிட்டால் தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தில் திருச்சி என்ஐடியில் 2022இல் வைத்த பரம் பொருள் சூப்பர்கம்ப்யூட்டர் மாதிரி இடங்களில் கேட்டுப் பார்க்கலாம். வாங்கிப் போட்ட கார்டு ஐந்தாவது வருடத்தில் பழசாகிவிடும்.

உங்களுக்கு உடனே வேண்டியது ரெட்கேப், ஆய்வுத் தகவலைப் பதிந்து வைக்கும் மென்பொருள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2004இல் தொடங்கியது. லாப நோக்கில்லாத நிறுவனங்களுக்கு இலவசம், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு நம் சர்வரிலேயே நிறுவ வேண்டும். யார், எப்போது, எந்த எண்ணை மாற்றினார் என்பது பதிவாகும். பெயர், போன் போன்ற புலங்களை அடையாளத் தகவல் என்று குறித்துவிட்டால் ஏற்றுமதி செய்யும்போது அவற்றை நீக்கிக்கொள்ளலாம். மொபைல் ஆப் சிக்னல் இல்லாமலே இயங்கும், ஊருக்குத் திரும்பி சிங்க் செய்தால் போதும். சாதாரண சர்வர் ஒன்றே இதைத் தாங்கும்.

பேக்கப்பில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ஏற்பாடு) போட்டிருக்கிறோம், பேக்கப் எதற்கு என்று கேட்பவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. டிஸ்க் ஒன்று செத்தால் ரெய்டு காப்பாற்றும். யாரோ தப்பாக அழித்தாலோ ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தாலோ அழிவு எல்லா டிஸ்க்கிலும் ஒன்றாகவே நடக்கும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டிடத்தில். அந்த வேறு கட்டிடம் அதே மின்மாற்றியில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சப் பணத்தில் ஒரு ஆளை வையுங்கள். கருவித் தலைப்பிலிருந்து சம்பளத் தலைப்புக்கு மாற்ற நிதி தருபவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். கேளுங்கள். பார்த்துக்கொள்ள ஆளில்லாத சர்வரில் பேட்ச் (பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் அப்டேட்) போட யாரும் வரமாட்டார்கள், நோயாளிகளின் விவரம் அப்படியே திறந்து கிடக்கும்.

ரேடியாலஜி_வாசகன் எழுதியது:

மலர் மேடம் சொன்னதோடு ஒன்று. பெயர்ப் புலத்தை நீக்கினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். விழித்திரையைப் படமெடுக்கும் ஃபண்டஸ் கேமராவும் அல்ட்ராசவுண்டும் பல சமயம் பெயரையும் ஓபி நம்பரையும் படத்தின் மூலையிலேயே எழுத்தாகப் பதித்துவிடும். டைகாம் ஹெட்டரை (மருத்துவப் பட ஃபைலோடு சேர்ந்திருக்கும் விவரப் பகுதி) சுத்தம் செய்தாலும் அது போகாது. கேமரா செட்டிங்கில் ஆய்வு எண்ணை மட்டும் போடச் சொல்லுங்கள், முதல் நாளிலிருந்தே.

தாமிரபரணி எழுதியது:

ரொம்ப நன்றி அக்கா, நன்றி சார். ஒரு சந்தேகம். பெயரை அடியோடு நீக்கிவிட்டால், விழித்திரையில் பாதிப்பு தெரிந்தவரைத் திரும்ப எப்படிக் கூப்பிடுவது?

மலர்_மதுரை எழுதியது:

அதனால்தான் அடியோடு நீக்கக் கூடாது, பிரித்து வைக்க வேண்டும். ஆய்வு எண் எந்த நோயாளியுடையது என்று சொல்லும் அட்டவணை தனி சர்வரில், என்கிரிப்ட் செய்து, ஆய்வு செய்யாத ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் நம்பகமான ஒருவர் போதும். பாதிப்பு தெரிந்தால் அவர் மட்டும் திறந்து போன் செய்யட்டும். எத்தனை நாளுக்குள் கூப்பிட வேண்டும் என்பதையும் எத்திக்ஸ் கமிட்டிக்குக் கொடுக்கும் புரோட்டோகாலில் எழுதிவிடுங்கள். பார்வை போகும் விஷயம், இதை யார் தலையிலும் பிறகு கட்ட முடியாது.

ஊர்ப் பெயரையும் பகுப்பாய்வு ஃபைலில் வைக்காதீர்கள். சின்ன ஊரில் 62 வயது, பெண், டயாலிசிஸ் என்று மூன்று தகவல் இருந்தால் டீக்கடையிலேயே ஆளைச் சொல்லிவிடுவார்கள். வட்டம் வரை போதும். தேதிகளுக்கு பாஸ்டன் மருத்துவமனைத் தரவை வைத்து எம்ஐடி வெளியிடும் மிமிக் தொகுப்பின் வழி நல்லது. ஒரு நோயாளியின் எல்லாத் தேதிகளையும் ஒரே அளவு நகர்த்திவிடுவார்கள், இரண்டு வருகைக்கு இடைப்பட்ட நாட்கள் மாறாது.

கொட்டேஷனைத் திருப்புவதற்கு முன் மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் யார் ஒத்துக்கொள்வார் என்று விசாரித்துவிட்டு எழுதுங்கள். ரெக்கார்ட்ஸ் பிரிவுக்குக் கொடுக்க வேண்டிய நடைமுறைக் குறிப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது, உங்கள் ஆய்வுக்குத் தகுந்த மாதிரி மாற்றித் தருகிறேன்.