விழா மலருக்கு ஒரு சொல் வேணும்: ‘சைட்டேஷன் இம்பாக்ட்’

கிளிநொச்சியிலிருந்து நூலக ஆசிரியை:

கலைச்சொற் குழும உறவுகளுக்கு வணக்கம். அவசரமாக ஒரு உதவி. எங்கட பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு இம்முறை பிரதம விருந்தினராக வருகிறவர் எங்கட பழைய மாணவர். பாம்புக்கடி பற்றி ஆய்வு செய்கிற மருத்துவர். அவருடைய ஆங்கில அறிமுகத்தைத் தமிழாக்கி மலரில் போடவேணும். அச்சகத்தார் வெள்ளிக்கிழமை பின்னேரத்துக்குப் பிறகு பொறுக்கமாட்டோம் என்கிறார்கள்.

படிப்பு, பதவி எல்லாம் எழுதிவிட்டேன். வெளியீடுகள், கூட்டு வேலைகள், ‘சைட்டேஷன் இம்பாக்ட்’ (அவருடைய கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எவ்வளவு குறிப்பிடுகிறார்கள் என்ற அளவு) என்று வரும் பந்தியில்தான் நிற்கிறேன். இப்போதைக்கு எழுதியிருப்பது இது: ‘இவரது ஆய்வுகள் உயர்ந்த மேற்கோள் தாக்கத்தையும் எச்-சுட்டெண்ணையும் தாக்கக் காரணியையும் கொண்டவை.’ எட்டாம் தரப் பிள்ளை ஒன்றிடம் வாசிக்கக் கொடுத்தேன். “தாக்கக் காரணி என்றால் பாம்பு ஏன் கடிக்குது என்றதா ரீச்சர்?” என்று கேட்டாள். மலரை வாசிக்கப்போவது பிள்ளைகளின் தாய் தகப்பன். அவர்களுக்கு விளங்குகிற சொல்லாகத் தாருங்கள்.

முள்ளியவளையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்பு மகளுக்கு, தாக்கத்துக்கு முன்னரே ‘மேற்கோள்’ என்ற சொல்லில் பிழை தொடங்கிவிட்டது. நன்னூற் பாயிரத்தை எடுத்துப் பாருங்கள். ‘முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோற் போற்றுவம்’ என்று தொடங்கும் வெண்பா, பழஞ்சூத்திரங்களை நாம் ஏன் எடுத்துக் கூறுகிறோம் என்பதற்கே காரணம் சொல்கிறது. அதே பாட்டில் ‘மேற்கோள்’ என்ற சொல்லும் வருகிறது. ஆனால் அங்கே அதற்குப் பொருள் மேற்கொண்ட கொள்கை. முன்னோருக்கு வேறாக நூல் செய்வோம் என்ற மேற்கோள் எமக்கு இல்லை என்கிறார் நூலார். சிவஞானபோதம் படித்தவர்களுக்கும் இது தெரியும். மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்ற வரிசையில் மேற்கோள் என்பது நிறுவ எடுத்துக்கொண்ட கூற்று. ஆக, பிறர் கட்டுரையைக் குறிப்பதற்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது பின்னால் வந்த வழக்கு.

ஆய்வாளர் பிறர் வாசகத்தை அப்படியே எடுத்து எழுதுவதில்லை. இன்ன கட்டுரை என்று விரல் நீட்டுகிறார். அது சுட்டு. ‘அ இ உம்முதல் தனிவரிற் சுட்டே.’ இந்த மூன்றில் உகரச் சுட்டைத் தமிழ்நாட்டார் பேச்சில் இழந்துவிட்டார்கள். நாங்கள் இன்றைக்கும் உது, உவன், உங்கை, உப்பிடி என்கிறோம். கேட்பவருக்குக் கிட்ட இருப்பதையே உகரம் காட்டுகிறது. ஒரு கட்டுரையைச் சுட்டும்போது வாசகர் கைக்கு எட்டும்படி அல்லவா வைக்கிறோம்? ஆதலால் ‘உச்சுட்டு’ என்றே ஆக்கலாம். எங்கள் மண்ணின் பேச்சிலிருந்து உலகத்தமிழுக்குப் போகும் சொல்லாக அது இருக்கும்.

முல்லைத்தீவிலிருந்து ஒரு டொக்டர்:

ஐயாவின் விளக்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். சுட்டு என்பதில் எனக்கு உடன்பாடு. உகரம் வேண்டாம், நோயாளர் விடுதியில் ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் ரீச்சர், சொல்லுக்கு முன் பொருளைச் சரி பார்ப்போம். தாக்கக் காரணி என்று நீங்கள் எழுதியது ஆளுக்கு உரியதல்ல, சஞ்சிகைக்கு உரியது. ஒரு சஞ்சிகை 2021இலும் 2022இலும் வெளியிட்ட கட்டுரைகளை 2023இல் எத்தனை தடவை பிறர் சுட்டினார்களோ, அந்தத் தொகையை அந்த இரண்டு ஆண்டுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது 2023க்கான பெறுமானம். அதை ஒரு மனிதரின் பெயரோடு ஒட்டுவது பிழை. அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

எச்-இன்டெக்ஸ், அதாவது நீங்கள் எழுதிய எச்-சுட்டெண், ஆளுக்கு உரியது. ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற பௌதிகவியலாளர் 2005இல் சொன்ன கணக்கு. ஒருவருக்கு 20 என்றால், குறைந்தது 20 தடவையாவது சுட்டப்பட்ட கட்டுரைகள் அவரிடம் 20 இருக்கின்றன என்று அர்த்தம். ஒரே கட்டுரை ஆயிரம் தடவை சுட்டப்பட்டு மற்றவை கவனிக்கப்படாமல் போனால் இந்த எண் ஏறாது.

யாராவது ‘சான்று’ என்று சொல்ல வரலாம், அதற்கும் முன்கூட்டியே மறுப்பு. 1998இல் லான்செற் சஞ்சிகையில் சின்னமுத்துத் தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் தொடர்புபடுத்தி வந்த கட்டுரையை 2010இல் சஞ்சிகையே மீளப்பெற்றது. அதைச் சுட்டியவர்களில் பெருந்தொகையானோர் மறுப்பதற்காகவே சுட்டினார்கள். மறுக்க எடுத்ததைச் சான்று என்பதா? மறுபுறம், புரதத்தை அளக்கும் முறையைச் சொன்ன 1951ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று 3 இலட்சத்துக்கு மேற்பட்ட தடவை சுட்டப்பட்டிருக்கிறது. அதை எடுத்தவர்கள் பாராட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அந்த முறையால் அளந்தோம் என்று ஒரு வரி எழுதினார்கள், அவ்வளவுதான். பாராட்டு, மறுப்பு, வெறும் குறிப்பு என்ற மூன்று வகையையும் தாங்குகிற சொல் வேணும்.

முள்ளியவளை ஐயா:

டொக்டர் சொன்ன மறுப்புச் சுட்டு எங்கள் உரைமரபிலேயே உண்டு. தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர், தமக்கு முன் உரை எழுதிய இளம்பூரணரை ‘உரையாசிரியர்’ என்று சுட்டி மறுக்கும் இடங்களைப் பாருங்கள். தொல்காப்பியரோ பெயரே சொல்லாமல் ‘என்ப’, ‘மொழிப’, ‘என்மனார் புலவர்’ என்று, அதாவது ‘இப்படிச் சொல்வார்கள்’ என்று, முன்னோரைச் சுட்டிக்கொண்டே போவார். எச்-இன்டெக்ஸ் என்பதற்கு ‘என்ப எண்’ என்று ஏன் வைக்கக்கூடாது? ‘எச்-சுட்டெண்’ என்று அச்சிட்டால் இடையிலுள்ள கோடு விழுந்து ‘எச்சுட்டெண்’ ஆகும். எக்காலம், எத்திசை போல அது ‘எந்தச் சுட்டெண்?’ என்ற கேள்வி. வாசிப்பவர் விடை தேடுவார்.

மன்னாரிலிருந்து, அரச அலுவலக மொழிபெயர்ப்பாளர்:

ஐயா பொறுத்தருள வேண்டும். ‘என்ப எண்’ அழகாக இருக்கிறது, தொல்காப்பியம் படித்த பத்துப் பேருக்கு. நான் நாள்தோறும் சுற்றுநிருபம் மொழிபெயர்க்கிறவன். இலங்கையில் சுட்டெண் என்ற சொல் நிலைத்துவிட்டது. நுகர்வோர் விலைச் சுட்டெண் என்று பத்திரிகையில் வராத மாதம் இல்லை. தாக்கமும் அப்படித்தான், சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்று வீதி போடும் திட்டத்துக்கும் எழுதுகிறோம். இருக்கிற சொல்லை வைத்துக்கொண்டு ‘மேற்கோள் தாக்கம்’, ‘ஹிர்ஷ் சுட்டெண்’ என்று எழுதினால் வேலை முடிந்தது. நன்னூலார் காலத்துப் பொருளை இன்றைய சொல்மீது ஏற்றினால், நாற்றம் என்ற சொல்லை நறுமணத்துக்கு மறுபடி எழுத வேண்டிவரும்.

அறிவியல்நகரிலிருந்து பல்கலைக்கழக மாணவி:

அண்ணா, தாக்கம் நிலைத்துவிட்டது என்று நீங்கள் சொன்னாலும், எங்கள் பாடப்புத்தகத்தில் அது இரசாயனத் தாக்கம். க.பொ.த. உயர்தரம் படித்த எவரும் தாக்க வீதம் என்றவுடன் சோதனைக் குழாயைத்தான் நினைப்பார்கள். வயலில் பூச்சித் தாக்கம், மனிதருக்கு நோய்த் தாக்கம். மருத்துவர் ஒருவரின் அறிமுகத்தில் ‘தாக்கம் உயர்ந்தது’ என்றால் நல்லதாகத் தோன்றவில்லை. நான் செல்வாக்கு என்ற சொல்லை முன்மொழிகிறேன். செல் என்றும் வாக்கு என்றும் பிரித்துப் பாருங்கள். தன் வாக்கு மற்றவரிடம் செல்லுபடியாகிறது என்பதுதானே இங்கே பொருள்?

இன்னொன்று. எங்கள் இடத்தின் பெயர் அறிவியல்நகர். அதற்குள் இருந்து படித்த பாடமோ விஞ்ஞானம். பௌதிகவியல், இரசாயனவியல் என்று படித்துவிட்டு இணையத்தில் இயற்பியல், வேதியியல் என்று தேடுகிறோம். புதுச்சொல் ஆக்கும்போது தமிழ்நாட்டாரும் ஏற்கும் சொல்லாகப் பார்க்கக்கூடாதா?

மன்னார் மொழிபெயர்ப்பாளர்:

தங்கச்சி, செல்வாக்கு வேண்டாம். செல்வாக்கு உள்ளவரின் பிள்ளைக்கு வேலை கிடைத்தது என்று பேசுகிற ஊர் இது. அந்தச் சொல்லை ஒரு ஆய்வாளரின் உழைப்புக்கு வைப்பது அவருக்கு மரியாதை இல்லை.

தமிழ்நாட்டோடு ஒத்துப்போவது பற்றி: அமெரிக்க மிஷனிலிருந்து வந்த கிறீன் வைத்தியர் மானிப்பாயில் இருந்து மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த காலத்தில் யாரைக் கேட்டார்? இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயர் வைத்து 1875இல் வெளியிட்டார். அந்தச் சொல் நிற்கவில்லை. அவருடைய அங்காதிபாதம் உடற்கூற்றியலாக மாறிவிட்டது, இரண வைத்தியம் இன்று சத்திரசிகிச்சை. ஆனாலும் அவரிடம் படித்தவர்கள் அந்தச் சொற்களை வைத்துத்தான் வைத்தியரானார்கள். படிப்பிக்க உதவினால் போதும், சொல் நூறாண்டு நிற்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முள்ளியவளை ஐயா:

கிறீன் பாதிரியார் அல்லர், வைத்தியர் என்று சரியாக எழுதியதற்கு நன்றி, பலர் இதைக் குழப்புவார்கள். ஆனால் கெமிஸ்தம் நிற்காமற் போனதற்குக் காரணம் அதற்குத் தமிழில் வேர் இல்லாமையே. ‘வடவெழுத்து ஒரீஇ’, அதாவது வடமொழிக்கே உரிய எழுத்தை விலக்கி, எடுக்கத் தொல்காப்பியர் சொன்னது வடசொல்லுக்கு. அந்த விதியை ஆங்கிலத்துக்கு நீட்டினாலும் ‘அம்’ விகுதி சேர்த்தது மட்டும் ஒரு சொல்லைத் தமிழாக்காது. சுட்டு என்பதற்கு வேர் உண்டு.

கிளிநொச்சி நூலக ஆசிரியை:

ஐயாவுக்கு வணக்கம். சுட்டு பற்றி ஒன்று சொல்லவேணும், எழுதத் தயக்கமாக இருந்தது. டொக்டர் எழுதிய ‘அதிகம் சுட்டப்பட்டவர்’ என்ற மாதிரியில் ஒரு வசனம் எழுதி, பக்கத்தில் இருந்த அலுவலக உதவியாளர் அக்காவிடம் காட்டினேன். அவ கடதாசியைத் திருப்பித் தந்துவிட்டா. “ஆரைச் சுட்டது?” என்று மட்டும் கேட்டா. அவவின் வீட்டில் நடந்தது எனக்குத் தெரியும். இந்த மலர் போகப்போகிற வீடுகள் பலவற்றில் அப்படித்தான். அந்தச் சொல்லை ஒரு மனிதரின் பெயருக்குப் பக்கத்தில் இந்த ஊரில் என்னால் அச்சடிக்க ஏலாது.

முள்ளியவளை ஐயா:

மகளே, சுடு என்ற வினைக்கு இறந்தகாலம் சுட்டார், சுட்டு என்ற வினைக்குச் சுட்டினார். சுடப்பட்டது வேறு, சுட்டப்பட்டது வேறு. இலக்கணத்தில் ஐயமே இல்லை. ஆனால் அந்த அக்காவின் கேள்விக்கு இலக்கணம் பதில் ஆகாது. மலரில் வேண்டாம். ‘எடுத்தாளுதல்’ என்று எழுதுங்கள். அதற்கு எண் ‘எடுத்தாட்சி எண்’. என் மனம் சுட்டில்தான் நிற்கிறது, கலைச்சொற் பட்டியலில் அதை ஒரு மாற்றாகவாவது பதிந்து வையுங்கள்.

முல்லைத்தீவு டொக்டர்:

எனக்கு இப்போது ‘தாக்கம்’ என்ற பகுதியில்தான் பெரிய மனக்குறை. புடையன் பாம்பு கடித்து வருகிறவருக்கு நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலீற்றர் அளவு குருதி எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒரே ஒரு தடவை சரித்துப் பார்ப்போம். திரண்டு நின்றால் ஒரு முடிவு. தண்ணீர் மாதிரி ஓடினால் குருதி உறையும் தன்மை கெட்டுவிட்டது, விஷ எதிர்மருந்து தொடங்கவேணும். குழாய் கழுவும்போது சவர்க்காரம் ஒட்டியிருந்தால் நல்ல குருதியும் உறையாமல் ஏமாற்றும். இரவு இரண்டு மணிக்கு அதைக் கவனித்துச் செய்கிற தாதி எந்தக் கட்டுரையையும் எடுத்தாளப்போவதில்லை. அந்தச் சோதனையால் தப்பியவர்கள் எந்தச் சுட்டெண்ணிலும் இல்லை. இதுதான் நான் அறிந்த தாக்கம். கட்டுரையைக் கட்டுரை குறிப்பிட்டதை எண்ணி அதற்குத் தாக்கம் என்று பெயர் வைத்தது ஆங்கிலத்தில் நடந்த பிழை. தமிழிலும் அதை ஏன் காவவேணும்? எண்ணியது எதுவோ அதையே பெயராக வைப்போம்: எடுத்தாள்கை எண்ணிக்கை. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடியவர்களின் பிரகடனமும், சஞ்சிகையின் எண்ணை வைத்துத் தனி ஆய்வாளரை மதிக்காதீர்கள் என்றுதான் கேட்டது.

கூட்டு வேலைகளுக்குக் ‘கூட்டாய்வு’ போதும். ஆனால் ‘இணையாசிரியர்’ என்று எழுதினால் பாடசாலை மலரில் இன்னொரு ரீச்சர் என்றுதான் நினைப்பார்கள், ‘இணைக்கட்டுரையாளர்’ என்று போடுங்கள். பெயர் போடுவதற்கும் விதி இருக்கு, மருத்துவச் சஞ்சிகைகளில். ஆய்வில் பங்கு, எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, இறுதிப் பிரதிக்குச் சம்மதம், முழுவதற்கும் பொறுப்பு, நான்கும் வேணும்.

அறிவியல்நகர் மாணவி:

டொக்டர் சொன்னதோடு உடன்படுகிறேன், செல்வாக்கை மீளப் பெறுகிறேன். இணைக்கட்டுரையாளரும் சரி. பௌதிகத்தில் மட்டும் அந்த நாலு விதி நடக்காது, ஹிக்ஸ் என்ற அடிப்படைத் துணிக்கையின் திணிவைச் சொன்ன 2015ஆம் ஆண்டுக் கட்டுரைக்குக் கட்டுரையாளர்கள் 5154 பேர்.

கிளிநொச்சி நூலக ஆசிரியை:

எல்லாருக்கும் நன்றி. வியாழன் இரவு அச்சகத்துக்கு அனுப்பியது இது: ‘பாம்புக்கடி பற்றிய இவரது கட்டுரைகளைப் பல நாட்டு ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். உள்நாட்டு, வெளிநாட்டு மருத்துவர்களோடு சேர்ந்து கூட்டாய்வுகள் செய்துவருகிறார்.’ எடுத்தாளுதல் என்று முதலில் போட்டேன். கையாடல் மாதிரிக் கேட்குது என்று அதிபர் சேர் சொன்னார். குழுமத்திலும் பெரும்பான்மையானவர்கள் தனிமடலில் மேற்கோள் என்றே சொன்னீர்கள். தாக்கத்தையும் சுட்டெண்ணையும் விட்டுவிட்டேன்.

மன்னார் மொழிபெயர்ப்பாளர்:

மலருக்கு வசனம் சரி. எனக்கு அது உதவாது. பதவி உயர்வு விண்ணப்பப் படிவம் ஒன்று மேசையில் கிடக்கிறது, அதில் அரை அங்குல அகல நிரல் ஒன்றுக்குத் தலைப்புப் போடவேணும். அங்கே வசனம் எழுத இடமில்லை. திங்கட்கிழமை ‘மேற்கோள் எண்ணிக்கை’ என்றே போடப்போகிறேன், அடுத்த நிரலுக்கு ‘ஹிர்ஷ் சுட்டெண்’.

முள்ளியவளை ஐயா:

என் மறுப்பையும் பதிந்துகொள்க. ஹிர்ஷ் என்பதில் கிரந்தம் இரண்டு. ‘இர்சு’ என்றாவது எழுதுங்கள் தம்பி, ரகரத்தில் தொடங்காததால் முன்னால் இகரம் சேர்க்கும் சிக்கலும் இல்லை.