பழகிய ரூபிக்ஸ் கியூப் கையில் கனக்கிறது: கழுவுவதா, லூப் (வழுவழுப்பாக்கும் எண்ணெய்) விடுவதா, புதிது வாங்குவதா?

நெய்தல்:
காந்தம் வைத்த 3×3, ஸ்டிக்கர் இல்லாத வகை. கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து இதே கியூபில்தான் பயிற்சி செய்கிறேன். சராசரி 16 விநாடிக்கு வந்திருந்தது. சில வாரங்களாகக் கனக்கிறது. முன்பெல்லாம் மேலடுக்கை ஒரு விரலால் தட்டினாலே கால் சுற்று சுற்றி நிற்கும். இப்போது பாதியிலேயே நின்றுவிடுகிறது. கொஞ்சம் இலகுவாக்கலாம் என்று எல்லா ஸ்குரூவையும் தளர்த்தினேன். அதன்பிறகு டி-பெர்ம் (கடைசி அடுக்குத் துண்டுகளை இடம்மாற்றும் திருப்பல் வரிசை) போடும்போது மூலைத்துண்டு தானாக முறுக்கிக்கொள்கிறது. சிவப்புப் பக்கம் மட்டும் திருப்பும்போதெல்லாம் கீச்சிடுகிறது. அடுத்த மாதம் போட்டி. அம்மா தையல் மெஷின் எண்ணெயை எடுத்து வைத்திருக்கிறார். விடலாமா? புதிது வாங்க மனமில்லை, என் விரல் இந்தக் கியூபின் ஓட்டத்துக்குத்தான் பழகியிருக்கிறது.

நடுஅச்சு:
தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம், தேங்காய் எண்ணெயும் வேண்டாம். துண்டுகள் ஏபிஎஸ் பிளாஸ்டிக். பெட்ரோலிய எண்ணெய்கள் அதை நாளடைவில் நலிவடையச் செய்யக்கூடும். தேங்காய் எண்ணெய் தூசியை வாரிக்கொண்டு பிசுபிசுக்கும். சிலிகோன் பிளாஸ்டிக்கை எதுவும் செய்யாது. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், ஏபிஎஸ் அதில் கரைந்துவிடும்.

நீங்கள் சொல்வது மூன்று தனித்தனிக் கோளாறு. கனம் அழுக்கால் வருகிறது. கீச்சொலி ஸ்பிரிங்கிலிருந்து வருகிறது. மூலை முறுக்குவது டென்ஷன் (ஸ்குரூவின் இறுக்கம்) தளர்ந்ததால். அழுக்கால் வந்த கனத்துக்கு ஸ்குரூவைத் தளர்த்தினால் கனம் அப்படியேதான் இருக்கும், பிடிமானம் மட்டும் போய்விடும். ஆகவே சுத்தம் முதலில், டென்ஷன் அடுத்து, லூப் கடைசியில். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

மேலடுக்கை 45 பாகை திருப்பி, ஓரத்துண்டு ஒன்றின் அடியில் கட்டைவிரலைக் கொடுத்து நெம்புங்கள். வரவில்லை என்றால் அந்தப் பக்கத்து நடுமூடியை எடுத்து ஸ்குரூவை மேலும் ஒரு சுற்றுத் தளர்த்தினால் வந்துவிடும். ஒன்று வந்தால் மற்றவை தாமாகவே உதிரும்: 12 ஓரம், 8 மூலை. ஓரத்துண்டின் பாதத்தைப் பாருங்கள். வளைவான பகுதியில் சாம்பல் நிறத்தில் ஒரு பசை ஒட்டியிருக்கும். தேய்ந்த பிளாஸ்டிக் தூள், பழைய லூப், கைவியர்வை எல்லாம் சேர்ந்த கலவை அது. உங்கள் கியூபை நிறுத்துவது அதுதான். துண்டுகளை மட்டும் வெதுவெதுப்பான நீரில் துளி சோப்பு விட்டு அலசி நிழலில் உலர்த்துங்கள். கொதிநீரும் வெயிலும் காந்தத்தின் பசையை இளக்கிவிடும். நடு அச்சில் ஸ்குரூவும் ஸ்பிரிங்கும் இருப்பதால் அதன்மேல் தண்ணீர் படக்கூடாது, துரு ஏறிவிடும். அதை உலர்ந்த துணியால் துடைத்து, ஸ்குரூத் தண்டைச் சுற்றி முடி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கிட்டத்தட்ட எல்லாப் பழைய கியூபிலும் இருக்கும். ஊசியால் இழுத்தால் சுருளாக வரும்.

திரும்ப மாட்டும்போது நிறம் பார்த்து, தீர்த்த நிலையிலேயே மாட்டுங்கள். தோன்றியபடி மாட்டினால் அது தீரக்கூடிய நிலையில் அமைய 12-ல் ஒரு வாய்ப்புதான்.

டென்ஷனுக்கு ஆறு ஸ்குரூவையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். எதிரெதிர்ப் பக்கங்களைப் பிடித்து மெதுவாக இழுத்தால் மூன்று திசையிலும் இடைவெளி ஒன்றுபோல இருக்கவேண்டும். மூலை முறுக்காத அளவுக்கு இறுக்கம், அதற்குமேல் வேண்டாம். கீச்சிடும் ஸ்பிரிங்குக்குக் கெட்டியான சிலிகோன் ஒரு பொட்டு போதும். ஆர்.சி. கார் டிஃபரன்ஷியலுக்கு ஊற்றுகிற சிலிகோன் எண்ணெயே இதற்குப் பொருந்தும். துண்டுகளுக்கு அதில் இரண்டு துளி. முதலில் மந்தமாகத்தான் சுழலும். தீர்க்கத் தீர்க்கப் பரவி, பிறகு வழவழப்பு வரும். பயந்துபோய்த் துடைத்துவிடாதீர்கள்.

மஞ்சள்முகம்:
நடுஅச்சு சொன்ன வரிசை சரி. சோப்பில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பழைய லூப் ஒட்டுமொத்தமாகப் போய்விட்டால், விரலுக்குப் பழகிய அந்த ஓட்டம் திரும்பப் பல நாள் பிடிக்கும். போட்டி அருகில் இருக்கும்போது கண்ணாடி துடைக்கும் துணியால் ஒவ்வொரு துண்டையும் அழுத்தித் துடைத்தாலே சாம்பல் பசை வந்துவிடும். கழுவுவதைப் போட்டி முடிந்தபிறகு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. தண்ணீர் போன்ற மெல்லிய லூப்பும் கிடைக்கிறது. விட்டவுடன் பறக்கும், ஆனால் சீக்கிரம் உலர்ந்துவிடும். போட்டியன்று காலையில் முதல்முறையாக அதை விட்டுப்பார்க்காதீர்கள். கை எதிர்பார்க்காத வேகம் வந்தால் எஃப்2எல் (முதல் இரண்டு அடுக்குகளைத் தீர்க்கும் கட்டம்) ஜோடிகளைத் தாண்டிப் போய்விடுவீர்கள். போட்டிக்கு முந்தைய வாரம் கியூபில் எதையும் மாற்றாமல் தீர்த்துக்கொண்டே இருங்கள்.

நெய்தல்:
இரண்டு பேருக்கும் நன்றி. துடைத்தே எடுத்தேன், கைக்குட்டை கறுத்துவிட்டது. சிவப்புப் பக்கத்து ஸ்குரூவில் நீளமான முடி, இறுக்கமாகச் சுற்றியிருந்தது. அதை எடுத்து, ஒரு பொட்டு சிலிகோன் வைத்தபிறகு கீச்சொலி இல்லை. மேலடுக்கு மறுபடி தட்டியதும் சுழல்கிறது. டென்ஷனை இறுக்கியதில் முறுக்குவதும் குறைந்திருக்கிறது. ஆனால் துடைக்கும்போது வெள்ளை-பச்சை ஓரத்துண்டைக் காதருகே ஆட்டினால் உள்ளே டிக்டிக் என்று சத்தம் கேட்டது. அந்தத் துண்டு இருக்கும் இடத்தில் அடுக்கு சொடுக்கென்று உட்காராமல் வழுக்குகிறது. இதோடு போட்டிக்குப் போகலாமா? நடுவில் ஏதாவது கழன்றால் சுற்று போய்விடுமா?

நடுஅச்சு:
துண்டு தெறித்து விழுந்தால் வேர்ல்ட் கியூப் அசோசியேஷன் விதிப்படி நீங்களே மாட்டிக்கொண்டு தொடரலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. ஒற்றை மூலை முறுக்கியதால் கியூப் தீராத நிலைக்கு வந்தாலும், கழற்றாமலேயே அதைத் திருகிச் சரிசெய்ய அனுமதி உண்டு. ஐந்து தீர்வுகளில் மிக நல்லதும் மிக மோசமானதும் கழிந்துதான் சராசரி வரும் என்பதால் ஒன்று கெட்டாலும் மனம் தளராதீர்கள்.

ஆனால் அந்த ஓரத்துண்டைச் சரிசெய்துவிட்டே போங்கள். காந்தம் பசை விட்டுக் கழன்றிருக்கிறது. இவ்வகைக் கியூபில் வழக்கமாக மூலைக்கு மூன்று, ஓரத்துக்கு இரண்டு என 48 காந்தங்கள். ஒன்று போனாலும் விரல் கண்டுபிடித்துவிடும். துண்டின் இரு பாதிகளும் சேரும் கோட்டில் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையைச் செருகித் திறங்கள். கத்தி வேண்டாம், விளிம்பைக் கீறிவிடும்.

மஞ்சள்முகம்:
பசை தொடும் முன் காந்தத்தை அதன் குழியில் வைத்து, பக்கத்து மூலைத்துண்டை அருகில் கொண்டுபோங்கள். இழுத்தால் சரி, தள்ளினால் காந்தத்தைத் திருப்பிப் போட்டு, மேலே இருக்கும் முகத்தில் பேனாவால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சூப்பர் குளூவைக் குண்டூசி முனையில் தொட்டுக் குழிக்குள் வைத்தால் போதும், வழிந்து வெளியே வந்தால் துண்டு சொரசொரப்பாகிவிடும். இரவு முழுக்கக் காயட்டும். அதுவரை வேறு எந்தத் துண்டையும் பக்கத்தில் வைக்காதீர்கள், ஈரப் பசையோடு காந்தத்தை இழுத்துக்கொண்டுவிடும்.