அன்று கேசட், இன்று வீடியோ கால்: பேச்சு ஏன் சுருங்கிவிட்டது?

வினா:
1980களில் என் தந்தை துபாயில் பணிபுரிந்தபோது, விடுப்பு முடிந்து திரும்பும் ஊர்க்காரர் எவரிடமாவது மாதம் ஒரு கேசட்டைக் கொடுத்தனுப்புவோம். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் முழுவதும் அம்மா பேசுவார். மறுபக்கம் பாட்டிக்கும் எங்களுக்கும். இன்று என் தம்பி அதே துபாயிலிருந்து, அங்கே இரவு ஒன்பதும் இங்கே பத்தரையும் ஆகும் நேரத்தில், நாள் தவறாமல் வீடியோவில் அழைக்கிறான். ஆனாலும் "சாப்பிட்டாயா, வேலை முடிந்ததா" என்பதைத் தாண்டிப் பேச்சு நகர்வதில்லை. ஐந்தே நிமிடத்தில் அம்மா கைபேசியை என்னிடம் நீட்டிவிடுகிறார். இதற்கு என்ன செய்யலாம்?

மறுமொழி:
கேசட் காலத்தில் மனைவியாக ஊரில் இருந்தவள் நான். அந்தக் காலம் இனிமையானது என்று சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் மூத்த மகளின் அழுகுரல் அவருடைய காதில் விழுந்தபோது அவளுக்கு நாற்பது நாள் ஆகியிருந்தது. ஆயினும் ஒன்று உண்மை. பிள்ளைகள் தூங்கிய பின் விளக்கை அணைத்துவிட்டு, டேப் ரெக்கார்டருக்கு அருகில் படுத்துக்கொண்டு பேசுவேன். எதிரே அவர் முகம் தெரிந்திருந்தால் அதில் பாதியைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன்.

மறுமொழி:
நான் ஷார்ஜாவில் இருக்கிறேன். எங்கள் அறையில் எட்டுப் பேர். நான் அழைத்தால் மற்ற ஏழு பேருக்கும் கேட்கும். உங்கள் தம்பிக்கும் இதே நிலையாக இருக்கலாம். இங்கே வாட்ஸ்அப்பில் அழைப்புக்குத்தான் தடை, குரல் செய்திக்கு இல்லை. என் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, பக்கத்து வீட்டுச் சண்டை முதல் தம் முழங்கால் வலி வரை பதிவுசெய்து அனுப்புவதை, வேலைக்குப் போகும் பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்பேன்.

மறுமொழி:
பழைய கேசட்டுகள் இருந்தால், முதலில் அவற்றின் விளிம்பிலுள்ள இரு சிறு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள்; தவறியும் அவற்றின் மேல் வேறெதுவும் பதிவாகாது. பிறகு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வினா எழுப்பியவர்:
அனைவருக்கும் நன்றி. நேற்றுப் பிற்பகல் அம்மாவுக்குக் குரல் செய்தி அனுப்பக் கற்றுக்கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டேன். ஏழு நிமிடம் பேசியிருக்கிறார். தம்பியிடமிருந்து இன்னும் பதில் இல்லை; ஆனால் அவன் கேட்டுவிட்டான் என்று காட்டும் வகையில் மைக் குறி நீலமாகிவிட்டதா என்று அம்மா காலையிலிருந்து என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார், சற்றுமுன் ஆகிவிட்டது.