அவசரம்: பல் கிளிப் கம்பி கன்னத்தைக் குத்துகிறது

நெய்விளக்கு (ஞாயிறு இரவு 8.40)
மகளுக்குக் கிளிப் கம்பி குத்திக் கன்னம் புண்ணாகிவிட்டது. சாப்பிட மாட்டேன் என்று அழுகிறாள். கிளினிக் லீவு, போனும் எடுக்கவில்லை. நாளை காலை அவளுக்குப் பரீட்சை வேறு. என்ன செய்வது?

வடகரை
மேல் வரிசையா, கீழா? முன்பக்கமா, கடைவாயா? கிளிப் போட்டு எத்தனை மாதம்?

தட்டைப்பிரியன்
பிராக்கெட் (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டியிருக்கும் சின்னத் துண்டு) கழன்றிருக்கும், பந்தயம் கட்டுகிறேன். என் தம்பிக்குத் தீபாவளி முறுக்கில் அப்படித்தான் ஆனது. கழன்றிருந்தால் பிடுங்காதீர்கள், கம்பியிலேயே தொங்கட்டும். ஃபெவிக்விக் பக்கம் போகவே வேண்டாம் (என் மாமா யோசனை சொன்னார்!).

நெய்விளக்கு
கீழே, வலது கடைசிப் பல். 3 மாதம். எதுவும் கழலவில்லை.

ஊசிமுனை
இதையெல்லாம் முதலிலேயே எழுதியிருக்கலாம். இதே கேள்விக்கு இங்கே எத்தனை தடவைதான் பதில் எழுதுவது? பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் வழக்கமே யாருக்கும் இல்லை.
சரி. ஆரம்ப மாதங்களில் பெரும்பாலும் நிக்கல் டைட்டானியம் கம்பிதான் போடுவார்கள். கோணல் பற்களுக்குள் வளைந்து வளைந்து போகும் கம்பி, பல் வரிசைக்கு வர வர நேராகும். மிச்ச நீளம் கடைவாயில் வெளியே நீட்டும். உடைந்துபோனது என்று பதற வேண்டாம்.

கோவைக்காரி
கம்பி ஒரு பக்கமாக நகர்ந்தும் இருக்கலாம். இடது கடைசியில் உள்ளே போயிருக்கிறதா பாருங்கள்.

சுண்டல்
நகவெட்டியால் நறுக்கிவிடுங்கள், வேலை முடிந்தது.

வடகரை
வேண்டாம்! நறுக்கிய துண்டு தெறித்துத் தொண்டைக்குள் போனால்? டாக்டரிடம் இருக்கும் கட்டர் வெட்டிய துண்டையும் பிடித்துக்கொள்ளும், நகவெட்டி அப்படியா? கிளிப் போட்டபோது சின்னப் பெட்டியில் மெழுகு தந்திருப்பார்களே. கையைக் கழுவி, கம்பி முனையைப் பஞ்சால் ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு உருட்டி அதன் மேல் அழுத்துங்கள். ஈரத்தில் ஒட்டாது. பல் தேய்க்கும் முன் எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். கொஞ்சம் விழுங்கிவிட்டாலும் பயமில்லை. புண்ணுக்கு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

சுண்டல்
அப்படியானால் பென்சில் ரப்பரால் கம்பியை உள்ளே மடக்கலாமே?

ஊசிமுனை
பல்லைச் சுற்றிக் கட்டும் மெல்லிய கம்பி என்றால் மடங்கும். இது ஸ்பிரிங் மாதிரி, திரும்ப நிமிர்ந்துகொள்ளும். இதற்குத்தான் தேடிப் படியுங்கள் என்றேன்.

நெய்விளக்கு
மெழுகு எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. தேடுகிறேன்.

கோவைக்காரி
சாப்பாட்டுக்குத் தயிர்சாதம் குழையப் பிசைந்து கொடுங்கள். காரம் எரியும். சாம்பாரும் வேண்டாம், மஞ்சள் பட்டு, கிளிப்பில் கம்பியைப் பிடிக்கும் வெள்ளை ரப்பர் வளையமெல்லாம் மஞ்சளாகிவிடும்.

தட்டைப்பிரியன்
அதனால்தான் தம்பி கருநீல ரப்பர் போட்டுக்கொண்டான். முறுக்கையும் விடவில்லை, காபியில் ஊறவைத்துச் சாப்பிட்டான்.

சுண்டல்
காபியில் ஊறியது முறுக்கே இல்லை, கூழ்.

தட்டைப்பிரியன்
வாயில் கம்பியோடு பொங்கல் கரும்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவனுக்குத்தான் அந்தக் கூழின் அருமை தெரியும்.

சுண்டல்
கரும்பு கூடாதா? என் அக்கா மகன் கிளிப்போடு கடித்தானே, ஒன்றும் ஆகவில்லை.

ஊசிமுனை
ஆகும்வரை ஒன்றும் ஆகாது. இழை தலைப்பை விட்டு எங்கேயோ போய்விட்டது.

வடகரை
நெய்விளக்கு, மெழுகு கிடைத்ததா? புண் இருக்கும் பக்கம் முகம் வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ நாளைவரை காத்திருக்க வேண்டாம்.

நெய்விளக்கு (திங்கள் மாலை 6.15)
பென்சில் பாக்ஸில் இருந்தது. வைத்ததும் தூங்கிவிட்டாள். பரீட்சை முடிந்து போனோம், இரண்டே நிமிடத்தில் வெட்டிவிட்டார்கள். எல்லாருக்கும் நன்றி.

கோவைக்காரி
இடது பக்கம் கம்பி உள்ளே போயிருந்ததா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே?