ஊசி கேட்டு வந்த தம்பி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன பாமசியில் ஒன்பது வருடம் வேலை செய்தேன். இங்கே குடு, அதாவது ஹெரோயின், எடுப்பவர்கள் பெரும்பாலும் ஈயத்தாளில் சூடாக்கிப் புகையைத்தான் இழுப்பார்கள். ஊசி போடுகிறவர்கள் குறைவு. அதனால் அந்தத் தம்பி இன்சுலின் சிரிஞ்ச் கேட்டபோது வீட்டில் யாருக்கோ சீனி வருத்தம் என்றே நினைத்தேன். மூன்றாம் முறை அவன் முழங்கை மடிப்பைக் கண்டதும் விளங்கிவிட்டது.

"கொடுக்காதே, கடைக்குப் பெயர் கெட்டுப்போகும்" என்றார் முதலாளி. நானும் கொடுக்கவில்லை. போதாததற்கு "விடப் பாருங்க தம்பி" என்று புத்தி வேறு சொன்னேன். அவன் சிரித்தான். "விட ஏலுமெண்டா எப்பவோ விட்டிருப்பேன் அக்கா. இப்ப ரெண்டு பேர் ஒரே ஊசியிலதான் போடுறோம்."

ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி பாவித்த சிரிஞ்சுக்குள் 63 நாள் வரை கூடத் தங்கும் என்று பிறகுதான் படித்தேன்.

வீட்டார் அவனைப் பழக்கத்தை விடவைக்கும் ஒரு முகாமில் விட்டார்கள். நாலு மாதம். கன்னம் உப்பி, தலைவாரி வந்து நின்றான். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு அவன் அம்மா மெழுகுதிரி கொளுத்தினாராம். இரண்டு கிழமையில் பழைய கூட்டாளி, பழைய அளவு. இடையில் உடம்புக்கு அந்த அளவு பழக்கம் விட்டுப்போயிருந்தது. உதடு நீலம் பாரித்து, மூச்சு அடங்கிக்கொண்டே போனதாம். த்ரீவீலில் தூக்கிப்போட்டு ஓடி, ஆஸ்பத்திரியில் குடுவின் வேகத்தை முறிக்கும் நலோக்சோன் மருந்து ஏற்றியதால் பிழைத்தான். வெளியே வரும்போது இந்த ஆபத்தை அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் திரும்ப எடுக்கச் சொல்வதுபோல் ஆகிவிடுமாம்! எனக்கு இன்னும் ஆறவில்லை.

குடுவுக்குப் பதிலாகக் கொடுக்கும் மருந்துகளான மெதடோனும் புப்ரினோர்பினும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. அளந்து கொடுத்தால், குடு கிடைக்காதபோது வரும் உடம்பு முறிப்பு அடங்கும், வேலைக்குப் போகலாம். அவன் அம்மாவிடம் சொன்னேன். "ஒரு குடுவுக்குப் பதிலா இன்னொரு குடுவா?" என்று கேட்டார்.

* * *

அக்கா, நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் வத்தளை. எங்கள் அண்ணாவுக்கு முற்றாக விட்டதுதான் சரிவந்தது. போன் நம்பரை மாற்றி, ஹட்டனில் மாமா வீட்டில் ஒன்றரை வருடம் இருந்தார். "கொஞ்சமா" என்ற பேச்சே தனக்கு ஆகாது என்பார். ஆனால் அதற்கு முந்திய இரண்டு வருடமும் புது ஊசி வாங்கிக் கொடுத்தது நான்தான். வீட்டில் இன்னும் தெரியாது. அந்தத் தம்பி இப்போது எப்படி?

* * *

போன மாதம் அந்தத் தம்பியை ஆமர் வீதியில் கண்டேன். மெலிந்திருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் ஒரு பெட்டி சிரிஞ்ச் வாங்கிக்கொண்டு போனேன். வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டீங்களா அக்கா?" என்றான்.