பரண் மேல் ஐந்து பாகம்

*மன்னை வீடு* (குடும்பக் குழு)

*கவிதா:* நிலாவுக்கு லீவு அட்டவணை தயார். தினம் ஒரு புத்தகம், முடித்ததும் ஒரு பக்கம் கதைச் சுருக்கம். எப்படி? 📷

*பாலு சித்தப்பா:* பேசாமல் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவிடு. அங்கே விளையாட்டு பீரியடாவது உண்டு.

*கவிதா:* போங்க சித்தப்பா. விட்டால் நாள் முழுக்க போனில்தான் கிடக்கிறாள்.

*பாலு சித்தப்பா:* சுருக்கம் எழுதச் சொல்லியிருந்தால் நான் முத்து காமிக்ஸ் பக்கமே போயிருக்க மாட்டேன். 1972ல் இரும்புக்கை மாயாவியோடு ஆரம்பித்தது. எழுத்துக் கூட்டிப் படித்ததே அதில்தான். மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக் கை மட்டும் தெரியும். இதற்கு என்ன சுருக்கம் எழுதுவது?

*ஜெயா அத்தை:* அதைப் படித்துவிட்டு நீ பிளக்கில் கம்பியை விட்டதை எழுதலாம்.

*அருண்:* 😂😂

*தாத்தா:* கவிதா, குழந்தையை இங்கே அனுப்பு. பரணில் பைண்டு இருக்கிறது.

*ஜெயா அத்தை:* அப்பா, அதை இறக்கவே கூடாது. தாள் அப்பளமாக நொறுங்குகிறது.

*அருண்:* எந்த பைண்டு தாத்தா?

*தாத்தா:* பொன்னியின் செல்வன். 1950ல் கல்கியில் தொடங்கி 54 வரை வந்தது. தொடங்கும்போது எனக்குப் பத்து வயது, முடியும்போது மீசை அரும்பிவிட்டது. என் அம்மா வாரா வாரம் அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்து அடுக்கி வைப்பார். ஒரு பாகம் முடிந்ததும் பைண்டருக்குப் போகும். பசையில் மயில்துத்தம் போட்டிருக்கிறானா என்று கேட்டுவிட்டுத்தான் காசு கொடுப்பார். அதனால்தான் ராமபாணப் பூச்சி அவ்வளவாக அரிக்கவில்லை.

*அருண்:* மதுரைத் திட்டம் இணைய நூலகத்தில் ஐந்து பாகமும் இலவசம். கல்கி எழுத்தெல்லாம் நாட்டுடைமைதானே. லிங்க் போடவா?

*ஜெயா அத்தை:* அதில் மணியம் வரைந்த படம் ஏது? படம் இல்லாமல் வந்தியத்தேவனை எப்படிப் பார்ப்பது?

*பாலு சித்தப்பா:* படத்தை விடு அக்கா, துணுக்குதான் விசேஷம். அத்தியாயம் முடிந்த பக்கத்தில் ஒரு துணுக்கு ஆரம்பிக்கும், மீதி அடுத்த பக்கத்தில். அந்த அடுத்த பக்கம் பைண்டில் இருக்காது! மாமியார் ஏதோ கேட்கிறாள், மருமகள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நாங்களே ஆளுக்கொரு பதில் கட்டிச் சொல்லிக்கொள்வோம்.

*கவிதா:* ஆமாம்! சின்ன வயதில், லீவில், பெரியவர்கள் எல்லாரும் தூங்கும் நேரம், வெயிலில் வெளியே போகக் கூடாது. ரேழியில் குப்புறப் படுத்துக்கொண்டு நானும் அருணும் ஒரே பாகத்தைப் படிப்போம். பக்கத்தைத் திருப்பவே விட மாட்டான்.

*அருண்:* அக்கா வர்ணனையை எல்லாம் தாண்டிக் குதித்துப் போவாள். அது வேகம் இல்லை, மோசடி.

*பாலு சித்தப்பா:* கவிதா, அந்த லீவில் எத்தனை சுருக்கம் எழுதினாய்?

*கவிதா:* 🙄

*கவிதா:* இது நிலா. அம்மா போனில் இருந்து. நான் வருகிறேன் கொள்ளுத் தாத்தா. ஆனால் துணுக்கு மட்டும் முதலில் படிக்கலாமா?

*தாத்தா:* தாராளமாக. பிடிக்காவிட்டால் பாதியில் மூடியும் வைக்கலாம்.

*ஜெயா அத்தை:* நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

*தாத்தா:* ஜெயா, சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931ல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார். முதல் விதியே நூல்கள் பயன்படுத்துவதற்கு என்பதுதான். அதே வருஷம் நம் மன்னார்குடி மேலவாசலில் மாட்டு வண்டியில் நூலகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நீ பரணுக்குக் காவல் இருக்கிறாய்.

*ஜெயா அத்தை:* வண்டியில் போன புத்தகத்தை முறுக்குத் தின்ற கையோடு யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

*பாலு சித்தப்பா:* தொட்டிருப்பார்கள் அக்கா. மன்னார்குடி இல்லையா.

*ஜெயா அத்தை:* சரி. ஒரு தடவைக்கு ஒரு பாகம். கை கழுவிவிட்டு, மடியில் வைக்காமல், தலையணை மேல் வைத்துப் படிக்க வேண்டும். பக்கத்தின் முனையை மடித்தால் பாகம் மறுபடி பரணுக்குப் போய்விடும். அருண், உனக்கும் சேர்த்துத்தான்.

*அருண்:* எனக்கு லீவே இல்லை அத்தை. சனி, ஞாயிறு வந்தால் இரண்டாம் பாகம் கிடைக்குமா?

*ஜெயா அத்தை:* நிலா முடித்தால்.

*கவிதா:* _இந்தச் செய்தி நீக்கப்பட்டது_

*பாலு சித்தப்பா:* அட்டவணையா? 👏

*கவிதா:* அதை விடுங்க. வியாழக்கிழமை வண்டியில் வருகிறோம் அத்தை.

*ஜெயா அத்தை:* பாலு, ஏணி பிடிக்க நீதான் வர வேண்டும். நான் ஏற மாட்டேன், அப்பாவை ஏற விட மாட்டேன்.

*பாலு சித்தப்பா:* வெயில் தாழ்ந்து வருகிறேன். அப்புறம் அக்கா, அங்கேயே என் முத்து காமிக்ஸ் கட்டு ஒன்று இருக்கும், சணல் போட்டுக் கட்டியது. அதையும் இறக்கிவிடலாம்.

*ஜெயா அத்தை:* அதையா? அம்மா எப்போதோ பழைய பேப்பர்காரருக்குப் போட்டாச்சே.

*பாலு சித்தப்பா:* என்னது???

*பாலு சித்தப்பா:* இன்றைக்கு அதற்கு என்ன விலை தெரியுமா அக்கா?

*ஜெயா அத்தை:* அன்றைக்கு ஒரு ஈயச்சொம்பு வந்தது.

*தாத்தா:* மணி பத்தரை. எல்லாரும் படுங்கள்.