அம்மாவின்ர பேரில அண்ணா எடுக்கிற அலவன்ஸ்: அறிவிக்கிறதோ, விடுறதோ?

வெம்பிளி தங்கச்சி:
அம்மா லண்டன் ஹரோவில தனிய இருக்கிறா. இயலாத வயசானவைக்கு அரசாங்கம் குடுக்கிற அற்றெண்டன்ஸ் அலவன்ஸ் வருது. அவவைப் பாக்கிறன் எண்டு சொல்லி பெரியண்ணா கேரர்ஸ் அலவன்ஸ் (பராமரிக்கிறவைக்கு அரசாங்கம் குடுக்கிற காசு) எடுக்கிறார். கிழமைக்கு 35 மணித்தியாலம் பாக்கவேணும் எண்டது விதி. அவர் வாறது ஞாயிறு மட்டும். பிரிட்ஜைத் திறந்து பாத்திட்டு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போயிடுவார். மற்ற நாள் கடையில கைக்காசுக்கு வேலை. குளிக்க வாக்கிறது, இன்சுலின் போடுறது எல்லாம் நான். இந்தக் காசுகளைக் குடுக்கிற அரசாங்கத் திணைக்களமான டிடபிள்யூபிக்கு பேர் சொல்லாமலும் அறிவிக்கலாமாம். செய்யட்டோ?

ஊரான்:
கூடப்பிறந்தவனைக் காட்டிக்குடுத்திட்டு நாளைக்கு அம்மாவின்ர காரியத்தில எப்பிடி முகம் பாப்பியள்?

கணக்குப்பிள்ளை:
காரியம் வரைக்கும் போகாதேங்கோ ஊரான், மனிசி உயிரோட இருக்கிறா. வேலை செய்யாமல் சம்பளம் எடுத்தா அதுக்கு என்ன பேர்?

டூட்டிங் ராசா:
அவசரப்படாதேங்கோ தங்கச்சி. 2024 இல பேப்பருகளில வந்ததை மறந்திட்டியளோ? கேரர்ஸ் அலவன்ஸ் எடுக்கிறவைக்கு அப்ப உழைப்பு வரம்பு கிழமைக்கு 151 பவுண். ஒரு பவுண் தாண்டினாலும் அந்தக் கிழமையின்ர அலவன்ஸ் 81.90 பவுண் முழுக்கப் போச்சு. வருசம் முழுக்க அப்பிடித் தாண்டினா, 52 பவுண் கூட உழைச்சதுக்கு 4258 பவுணுக்கு மேல திருப்பிக் கட்டவேணும். சம்பள விபரம் எல்லாம் டிடபிள்யூபியின்ர கணினிக்கு வந்துகொண்டுதான் இருந்தது. பாக்காமல் விட்டிட்டு, கடன் ஏறின பிறகு கடிதம் போட்டவை. இதை விசாரிக்க அரசாங்கம் போட்ட லிஸ் சேஸின்ர அறிக்கை வந்த பிறகுதான் பழைய கேஸுகளைத் திரும்பப் பாக்கிறம் எண்டவை. அந்த ஆக்களின்ர கையிலயோ அண்ணாவைக் குடுக்கப் போறியள்? இன்னொண்டு, சாமான் வாங்கிறது, பில் கட்டுறதும் 35 மணித்தியாலத்தில சேரும்.

வெம்பிளி தங்கச்சி:
பில் என்ர பாங்கில இருந்துதான் போகுது அண்ணை.

கணக்குப்பிள்ளை:
ராசா அண்ணை, அதுகள் பராமரிச்சுக்கொண்டு தெரியாமல் வரம்பு தாண்டின சனம். அதுகளையும் பாக்காமலே எடுக்கிறவரையும் ஒரே சாக்கில கட்டாதேங்கோ. உங்களை மாதிரி ஆக்கள் பேசாமல் இருக்கிறதாலதான் உண்மையாப் பாக்கிறவையையும் சந்தேகத்தோட பாக்கினம்.

ஃபோம் மாமா:
கோயிலடியில ஆக்களுக்கு ஃபோம் நிரப்பிக் குடுக்கிறனான், அதால ஒண்டு கேக்கிறன். அம்மாவுக்கு பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைஞ்ச வயசானவைக்கு அரசாங்கம் குடுக்கிற காசு) வருதோ? தனிய இருந்து அற்றெண்டன்ஸ் எடுக்கிறவைக்கு அதில கிழமைக்கு 80 பவுணுக்கு மேல கூடுதலா வர இடமிருக்கு. ஆனா அவவின்ர பேரில ஆராவது கேரர்ஸ் அலவன்ஸ் வாங்கினா அது இல்லை.

வெம்பிளி தங்கச்சி:
பென்ஷன் கிரெடிட் வருது மாமா. அப்ப அண்ணா எடுக்கிறது அம்மாவின்ர காசோ?

ஃபோம் மாமா:
அப்பிடித்தான் வருது. ஒருத்தரைப் பாக்கிறதுக்கு ஒராள்தான் எடுக்கலாம். உங்களுக்கு மாத்தலாமோ எண்டா, கைக்கு வாற சம்பளம் உழைப்பு வரம்புக்குள்ள இருக்கவேணும். 2025 ஏப்ரலில அது கிழமைக்கு 196 பவுணா இருந்தது.

வெம்பிளி தங்கச்சி:
பள்ளிக்கூடத்தில முழுநேர வேலை. எனக்கு வராது, எனக்கு அது வேண்டாமும்.

ஊரான்:
அப்ப அண்ணாவை நிப்பாட்டச் சொல்லுங்கோ, முடிஞ்சுது. அரசாங்கம் ஏன்?

கணக்குப்பிள்ளை:
இவ்வளவு நாளும் எடுத்தது?

ஊரான்:
அம்மாட்டக் கேட்டியளோ பிள்ளை?

வெம்பிளி தங்கச்சி:
கேட்டன். "அவனுக்கு மோர்கேஜ் கூடிப்போச்சு, விடு" எண்டா. தன்ர காசு போகுதெண்டு அவவுக்குத் தெரியாது.

ஃபோம் மாமா:
முதல் அதை அவவுக்குச் சொல்லுங்கோ. அண்ணாவுக்கு ஒரு கிழமை தவணை குடுங்கோ, அவரே எழுதி நிப்பாட்டட்டும். பழைய காசைத் திருப்பிக் கேட்டா அது அவரின்ர பாடு. நிப்பாட்டின உடன அம்மாவின்ர பென்ஷன் கிரெடிட்டுக்கு அறிவியுங்கோ. அவர் கேக்காட்டி நீங்கள் அறிவிக்கிறதில பிழையில்லை. கண்டதை மட்டும் எழுதுங்கோ: எந்த நாள் வாறார், எங்க வேலை. கள்ளன் எண்டெல்லாம் வேண்டாம். முடிவு என்னெண்டு உங்களுக்குச் சொல்லமாட்டினம்.

டூட்டிங் ராசா:
நான் எண்டா இப்பவும் அறிவிக்கமாட்டன். ஆனா அம்மாவின்ர 80 பவுணை விடவும் மாட்டன்.